நொடிக்கு ஒரு பந்து

1. ஒரு கூடையில இருந்து பிளாஸ்டிக் பந்தை எடுத்து அடுத்த கூடையில போடுற மெஷின். வேற எந்தப் பிரயோஜனமும் கிடையாது. லெகோ கட்டைகளை வெச்சு அதைக் கட்டி முடிக்க எனக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. ஆனா கால் வீக்கம், மூச்சுத் திணறல்னு வர்றவங்களுக்கு நான் இப்போ செல்போன்ல காட்டுறது இந்த மெஷின் வீடியோவைத்தான். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2. இதுக்குப் பேரு கிரேட் பால் கான்ட்ராப்ஷன், சுருக்கமா ஜிபிசி. 2000-களின் நடுவுல அமெரிக்க லெகோ ரசிகர்கள் ஆரம்பிச்சது. ஆளுக்கு ஒரு மெஷின் கட்டி எடுத்துட்டு வருவாங்க. எல்லாத்தையும் வரிசையா வெச்சா, ஒருத்தர் மெஷின் தள்ளுற பந்து அடுத்தவர் கூடையில விழும். ஜப்பான்ல அகியுகிங்கிற பேர்ல ஒருத்தர் கட்டினதை யூடியூப்ல பாருங்க. கண்ணை எடுக்க முடியாது.

3. விதிகள் ரொம்பக் கம்மி. பந்து சுமார் 14 மில்லிமீட்டர். பந்து வந்து விழுற கூடை 10க்கு 10 குமிழ் அளவு. சராசரியா நொடிக்கு 1 பந்து கடத்தணும். மொத்தமாச் சேர்த்துத் தள்ளினாலும் ஒரு தடவைக்கு 30 பந்துக்கு மேல கூடாது. நடுவுல நீங்க என்ன வேணா செய்யலாம். படியில ஏத்துங்க, திருகுல ஏத்துங்க, தூக்கி எறியுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

4. நான் கட்டினது படிக்கட்டு மாதிரி. ஒண்ணு விட்டு ஒரு படி மேல கீழ போகும். ஒவ்வொரு சுத்துக்கும் பந்து ஒரு படி ஏறும், உச்சியில இருந்து ஒரு பந்து வெளிய விழும். அதாவது ஒரு சுத்துக்கு ஒரு பந்து.

5. சுமை இல்லாதப்போ அந்தக் குட்டி மோட்டார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 400 சுத்து சுத்தும். 8 பல் சக்கரத்தால 40 பல் சக்கரத்தைச் சுத்த வெச்சா வேகம் அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 80 ஆகும். தேவை 60தானே, எதுக்கு 80ன்னு தோணலாம். பந்தோட பாரம் ஏறினா மோட்டார் வேகம் குறையும். அது போக, கூடை வாசல்ல ரெண்டு பந்து ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டு நிக்கும். அந்தச் சுத்து வீணாப் போகும். அதுக்குத்தான் அந்த உபரி.

6. இப்போ முக்கியமான விஷயம். முன்னாடி இருக்கற மெஷின் நிமிஷத்துக்கு 60 பந்து தருது. நம்ம மெஷின் 59தான் கடத்துதுன்னு வெச்சுக்கோங்க. பாக்கறவங்க யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா நிமிஷத்துக்கு ஒரு பந்து கூடையில தங்கும். கூடையில 40 பந்துக்கு இடம் இருந்தா 40 நிமிஷம் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். 41-வது நிமிஷம் பந்து தரையில உருளும்.

7. உங்க நெஞ்சுக்குள்ள இருக்கறதும் இந்த மாதிரி அடுத்தடுத்து வெச்ச ரெண்டு மெஷின்தான். வலது பக்க இதயம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும். இடது பக்கம் அங்கிருந்து வாங்கி உடம்பு முழுக்கத் தள்ளும். ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு, கிட்டத்தட்ட 5 லிட்டர்.

8. இடது பக்கம் துடிப்புக்கு 1 மில்லி, ஒரே 1 மில்லி, குறைவாத் தள்ளினா? நிமிஷத்துக்கு 70 மில்லி நுரையீரல் பக்கம் தேங்கணும். ஒரு மணி நேரத்துல 4.2 லிட்டர். உடம்புல இருக்கற மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான்!

9. அப்படி ஆகாம இருக்கக் காரணம், இதயத் தசை எவ்வளவு நிரம்பி விரியுதோ அவ்வளவு பலமா அடுத்த துடிப்புல சுருங்கும். ஓட்டோ ஃபிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் கண்டு சொன்னது. கூடையில பந்து கூடக் கூட மோட்டார் தானே வேகம் எடுக்கற மாதிரி. என் மெஷினுக்கு அந்த அறிவு கிடையாது.

10. தசை பலவீனமானா இந்த ஈடுகட்டல் ஓரளவுக்கு மேல போகாது. அதைத்தான் ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்றோம். இதயம் நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லை. வர்ற அளவுக்குத் தள்ள முடியலைன்னு அர்த்தம். இடது பக்கம் தளர்ந்தா நுரையீரல்ல நீர் சேரும். வலது பக்கம் தளர்ந்தா கால்லயும் வயித்துலயும் சேரும். ரத்தம் குறைவா வருதேன்னு சிறுநீரகம் வேற உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். நிரம்பி வழியற கூடையில இன்னும் பந்து கொட்டற கதைதான்.

11. ஒரு பெரியவர், விவசாயி. ரெண்டு வாரமா வீங்கின காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். ராத்திரி மூணு தலையணை வெச்சாத்தான் தூக்கம். வீடியோவைக் காட்டி, "பந்து கொட்டுறது இங்கே, கோளாறு அதுக்கு அடுத்த மெஷின்ல ஐயா"ன்னு ஆரம்பிச்சேன். பாதியிலயே சொல்லிட்டார்: "கீழ்மடை அடைச்சா மேல் வயல்லதானே சார் தண்ணி நிக்கும்! அப்போ நான் கால்ல எண்ணெய் தேய்ச்சு என்ன ஆகப்போகுது?" எட்டு ஞாயிற்றுக்கிழமை வேலையை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

12. எல்லாக் கால் வீக்கமும் இதயத்தால வர்றது இல்லை. சிறுநீரகம், கல்லீரல், ரத்த நாளக் கோளாறு, சில பிபி மாத்திரைகள்னு காரணம் பல உண்டு. ஆனா வீக்கத்தோட படுத்தா மூச்சு முட்டுது, நடுராத்திரி மூச்சுக்குத் தவிச்சு எழுந்து உட்கார வேண்டியிருக்குன்னா தள்ளிப்போடாதீங்க. உடனே காட்டுங்க.

13. ஏற்கனவே ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்லப்பட்டவங்களுக்கு: கூடை நிரம்புறதை வெளிய கொட்டறதுக்கு முன்னாடியே பிடிக்க ஒரு வழி இருக்கு. எடை மெஷின். தினமும் காலையில சிறுநீர் கழிச்சிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க. 3 நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறினா அது சதை இல்லை, தண்ணி. உங்க டாக்டரைக் கூப்பிடுங்க.

14. ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்குங்க. "வீக்கம் வடிஞ்சிருச்சே"ன்னு நீர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அது கூடையைக் காலி பண்ணிக்கிட்டு இருக்கு. மோட்டார் இன்னும் பழைய பலத்துக்கு வரலை.

15. வீட்ல அப்படி யாராவது இருந்தா, நாளைக்குக் காலையிலயே எடை பார்த்து காலண்டர்ல தேதிக்குப் பக்கத்துல எழுதி வைங்க. அடுத்த நாள் ஒப்பிட்டுப் பாக்க ஒரு நம்பர் வேணும்ல.