கழற்குடம்

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த பின்னரும் யான் மாணாக்கனாக அமர நேர்ந்தது. ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் ஒருவர் பத்து நாள் பாடம் நடத்தினார். ஐந்தாம் நாள் ஆளுக்கொரு தாள் தந்து, "யான் கற்பிக்கும் முறையில் நீங்கள் கண்ட நிறைகுறைகளை எழுதுங்கள், பெயர் எழுத வேண்டா" என்றார். மறுநாள் அவற்றை அவரே எங்கள்முன் படித்தார். பலர் அவருடைய தெளிவைப் புகழ்ந்திருந்தனர். ஒருவர் மட்டும், 'விரைந்து பேசுகின்றீர்கள்' என்று குறித்திருந்தார். பேராசிரியர் முகம் வாடவில்லை. அன்றுமுதல் அவர் பேச்சில் நிதானம் கூடியது.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் யானும் என் வகுப்பில் அவ்வாறே செய்தேன். ஒரு தாளில் 'கழற்குடம்' என்னும் ஒரே சொல் இருந்தது.

பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கிற்கு ஒப்பிடுகின்றார். ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று கழற்குடம். கழற்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால், காய்கள் இட்ட முறையில் வாரா; முன்பின்னாகக் கொட்டும். இதனை வகுப்பில் விளக்கியவன் யானே!

சினம் மூண்டது, கையெழுத்தால் ஆளையும் அறிந்தேன். ஆயினும் அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். புணர்ச்சியைத் தொடங்கி, யாப்பிற்குத் தாவி, கதை கூறி, மணி அடிக்குங்கால் விதியை விரைந்து உரைத்த நாள்கள் எத்தனை! சிறுவன் எழுதியது மெய்.

மறுநாள் அச்சொல்லை வகுப்பில் உரக்கப் படித்தேன், எவனையும் நோக்கவில்லை. பாடத்தின் பகுதிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதித் தொடங்கினேன். பின்வரிசையில் கவிழ்ந்திருந்த தலை ஒன்று மெல்ல நிமிர்ந்தது.

அவன் நன்னூலை நன்கு கற்றிருந்தான்; யான் அன்றுதான் கற்றேன்.