609-இல் ஒரு மேடு

காமா நிறமாலையைப் பிரித்துப் படிக்க இன்டர்ஸ்பெக் என்றொரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் அதை இலவசமாகவே தருகிறது. உணர்கருவியின் படிகத்தில் விழும் காமா கதிர்களை ஆற்றல் வாரியாக எண்ணினால் திரையில் ஒரு கோடு வளரும். அதில் அங்கங்கே மேடுகள். கருவிக்கு ஆற்றல் தெரியாது, எத்தனையாவது சேனல் (எண்ணிக்கைக் கட்டம்) என்பதுதான் தெரியும். நமக்கு முன்பே தெரிந்த இரண்டு மேடுகளைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால்தான் மற்றவற்றைப் படிக்க முடியும்.

கொடைக்கானலில் அந்த இரண்டைத் தேடி அலைய வேண்டாம், பாறையே தருகிறது. பொட்டாசியம்-40 என்றால் 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழைப்பழத்துக்குள் இருப்பதும் இதே பொட்டாசியம்தான். தோரியத்தின் வழிவந்த தாலியம்-208-க்கு 2615. இவற்றைக் குறித்துவிட்டால், 609-இல் நிற்பது பிஸ்மத்-214 என்று தெரிந்துவிடும். ரேடான் வாயு சிதைந்து சிதைந்து வந்து சேரும் இடம் அது. இந்த மேடு என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தாமஸ் ராய்ட்ஸ்.

கொடைக்கானல் வான் ஆய்வகம் என்றதும் எவர்ஷெட்டைச் சொல்வார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் கண்டவர், சொல்லத்தான் வேண்டும். அவருக்குத் துணையாக 1911-இல் வந்து, அவருக்குப் பின் இயக்குநரான ராய்ட்ஸின் பெயரைத்தான் யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டுடன் வேலை பார்த்துவிட்டு மலையேறியவர் அவர். 1908-இல் இருவரும் ரேடானின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். அடுத்து, ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம்தானா என்ற கேள்வி. பாம்பாக் என்ற கண்ணாடிக் கலைஞர், சுவர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத நுண்குழாய் ஒன்றை ஊதித் தந்தார். உள்ளே ரேடானை அடைத்து, அதைச் சுற்றி வெற்றிடமாக்கிய இன்னொரு குழாய். சுவர் வாயுவைத் தடுக்கும், ஆல்ஃபா துகள் துளைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் கழித்து, வெளிக்குழாயில் சேர்ந்திருந்ததில் மின்சாரம் பாய்ச்சியபோது ஹீலியத்தின் மஞ்சள் கோடு மங்கலாகத் தெரிந்தது. ஆறாம் நாள் முக்கியமான கோடுகள் எல்லாமே வந்துவிட்டன.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ரேடானை எடுத்துவிட்டு, அதே நுண்குழாயில் ஹீலியத்தையே அடைத்துக் காத்திருந்தார்கள். வெளியே மஞ்சள் கோடு வரவில்லை. ஆகவே முன்பு தெரிந்தது கசிவு அல்ல. நான் படித்த சோதனைகளில் இந்த இரண்டாம் பாதியைப் போல என் மனத்தில் தங்கியது வேறில்லை.

அந்த மஞ்சள் கோட்டுக்கும் இந்த ஆய்வகத்துக்கும் பழைய உறவு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, சென்னை வான் ஆய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து அதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். பூமியில் அப்படி ஒரு தனிமம் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. சென்னை ஆய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. ஆல்ஃபா துகள்தான் அந்தக் கோட்டைத் தரும் ஹீலியம் என்று ரதர்ஃபோர்டுடன் சேர்ந்து நிறுவிய ராய்ட்ஸ் பிறகு அங்கேயே வேலைக்கு வந்தார்.

மறுபடி 609-க்கு வருவோம். மென்பொருளில் ஓர் ஐசோடோப்பின் பெயரை அடித்தால், அதன் மேடுகள் இருக்க வேண்டிய இடங்களில் கோடு போட்டுக் காட்டும். பொருந்தியதும் மனம் நிறைந்துவிடும். ஆனால் 609-க்குப் பக்கத்தில், 662-இல், சீசியம்-137 இருக்கலாம். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் உலகத்து மண்ணிலெல்லாம் அதைத் தூவிவிட்டன. சோடியம் அயோடைடு படிகத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று இழைந்து ஒரே மேடாகத் தோன்றக்கூடும். பிஸ்மத் என்றால் 1120-இலும் 1764-இலும் அதன் மேடுகள் தெரிய வேண்டும். அதையும் பார்த்த பிறகே பெயர் எழுதுகிறேன்.

அதைவிட நல்ல சாட்சி மழை. மேகத்துத் துளிகள் ரேடானின் வழித்தோன்றல்களைக் காற்றிலிருந்து அள்ளிக்கொண்டு இறங்கும், 609 உயரும். பிஸ்மத்-214-இன் அரை ஆயுள் 20 நிமிடம், அதன் தாயான ஈயம்-214-க்கு 27. மழை ஓய்ந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மேடு பழைய உயரத்துக்கு வந்துவிடும். சீசியத்தின் அரை ஆயுளோ 30 ஆண்டு, ஒரு மழைக்கெல்லாம் அது அசையாது. ஏறி இறங்குவது எது, இருந்தபடி இருப்பது எது என்று பார்த்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் குறைவில்லை.