கூண்டும் பாசம்தான்

ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு டாஷ்ஹண்ட் வளர்த்தால் கேலிக்குப் பஞ்சமிருக்காது. 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்த இனம் ராஜபாளையம். அப்படிப்பட்ட வட்டாரத்தில் குட்டைக் காலும் நீள முதுகுமாக ஜிம்மி வந்து இறங்கியபோது, எங்கள் அச்சகப் பையன் ஒருவன் கேட்டான்: "முதலாளி, கட்டிங் மிஷின்ல விட்டுட்டீங்களா? கால் பாதி போயிருச்சே!"

அந்தக் காலுக்கும் பிறகு ஜிம்மிக்கு வந்த வியாதிக்கும் தொடர்பு உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த வகை நாய்களின் காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றங்களில் ஒன்று முதுகு டிஸ்க்கையும் கெடுக்கிறது என்று 2017-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் உள்ளே கொழகொழப்பான பகுதி ஒன்று இருக்கிறது. இளநுங்கு முற்றிக் கட்டியாவதுபோல, இந்த நாய்களுக்கு அது சின்ன வயதிலேயே இறுகிப்போகிறது. பிறகு ஒருநாள் கட்டிலிலிருந்து குதித்தாலும் போதும், குதிக்காமல் இருந்தாலும் நேரலாம். உள்ளே இருப்பது பிதுங்கி மேலே போய்த் தண்டுவடத்தை அமுக்கிவிடும்.

பங்குனிப் பொங்கல் சமயம் அது. இரவு ஜிம்மி நன்றாகத்தான் படுத்தான். காலையில் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்தான். வால் ஆடவில்லை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய் போட்டு நீவிவிடு என்றார் ஒருவர். மனுசனுக்குக் கொடுக்கிற வலி மாத்திரையில் பாதி கொடு என்றார் இன்னொருவர். ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும். முதுகு வளையாமல் ஒரு பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "வெறிநாய் ஊசி ஒழுங்கா போட்டிருக்கீங்களா?" சத்தமே இல்லாமல் வருகிற ரேபிஸிலும் கால் விழும், அது தெரியாமல் வாயில் கைவிடக் கூடாது. ஊசி அட்டையைப் பார்த்த பிறகுதான் தொட்டார். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. "சார், உணர்ச்சி இருக்கு!" என்று கத்தியே விட்டேன்.

அவர் காலையே பார்க்கவில்லை. ஜிம்மியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கால் இழுக்கிறது தண்டுவடத்தோட வேலை, மூளைக்குத் தெரியாமலே நடக்கும். வலி மேலே போய்ச் சேர்ந்துச்சுன்னா திரும்பிப் பார்ப்பான், முனகுவான்" என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஜிம்மி தலையைத் திருப்பி அவர் கையைக் கடிக்கப் போனான். டாக்டர் சிரித்தார். அந்த ஆழமான வலி உணர்வு அறவே போயிருந்தால் உடனே ஆபரேஷன் வேண்டும். செய்தாலும் கிட்டத்தட்ட பாதி நாய்கள்தான் எழுந்து நடக்கும். வலி தெரிகிற நாய்க்கு நம்பிக்கை அதிகம். சாதா எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர தண்டுவடம் தெரியாது என்றும், நிலைமை மோசமானால் ஸ்கேனுக்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்.

வலிக்கு மருந்து கொடுத்தார். அதற்குமேல் அவர் எழுதியது ஒரே வைத்தியம்தான்: கூண்டு. எழுந்து திரும்பிப் படுக்குமளவு மட்டும் இடம். நாலு முதல் ஆறு வாரம். ஓட்டமில்லை, தாவலில்லை, மடியில் ஏற்றிக் கொஞ்சுவதும் இல்லை. கிழிந்த டிஸ்க் ஆற அவகாசம் வேண்டும். மருந்தில் வலி குறைந்ததும் நாய் ஓடப் பார்க்கும், ஓடினால் இன்னும் பிதுங்கும். மூத்திரப்பையையும் கவனிக்கச் சொன்னார். தரை நனைந்திருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாதாம்; பை நிரம்பி வழிந்தாலும் தரை நனையும். அடிவயிற்றை இதமாக அமுக்கி வெளியேற்றும் முறையை என் கையைப் பிடித்தே பழக்கிவிட்டார்.

மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்துக் கூண்டு செய்தோம். பகலெல்லாம் ஊளை. அம்மா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "ஏய்யா, வாயில்லாச் சீவன இப்படிப் போட்டு அடைச்சிருக்கியே, பாவமில்லையா?" தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கதவைத் திறந்துவிட என் கை பரபரத்ததெல்லாம் அவனுக்காக இல்லை. அந்த ஊளையை என்னால் கேட்க முடியவில்லை. அம்மா கண்ணுக்குக் கெட்டவனாக இருக்கப் பிடிக்கவில்லை. திறந்தால் நிம்மதி எனக்கு, முதுகு போவது அவனுக்கு. இரக்கம் என்று நான் பெயர் வைத்திருந்தது பாதிக்கு மேல் என் சௌகரியம்தான். அது புரிந்தபின் ஊளை வந்தால் டாக்டர் செய்ததைச் செய்தேன்: போய் அவன் முகத்தைப் பார்த்தேன். முதுகு கூனி, நடுங்கி, சோற்றைத் தொடாமல் கிடந்தால் வலி. என்னைக் கண்டதும் காது நிமிர்ந்து வலையைப் பிராண்டினால் வெறும் கோபம். கோபத்துக்கு மருந்து கிடையாது என்று திரும்பி வந்துவிடுவேன்.

ஜிம்மி இப்போது நடக்கிறான். பின்பக்கம் லேசாக ஆடும். கட்டில், சோபா ஏறத் தடை. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. எடை கூடாமல் சோறு அளந்துதான்.

நாய்க்குக் கால் விழுந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால் நான் மாத்திரைப் பெயர் சொல்வதில்லை. பலகையில் கிடத்தி இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்பேன். அவர் அடைக்கச் சொன்னால் அடையுங்கள்; கெட்ட பெயர் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.