மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம்

ஸ்டடி லீவுக்கு வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் இரவு, அக்கா தன்ரை போனை என்னட்டைத் தந்தா. "தம்பி, நீ நேரத்தைப் பார். நானே கேட்டாலும் மூண்டு நிமிசத்துக்கு முதல் கதவைத் திறக்க விடாதை."

அறைக்குள் என்ரை ஏழு மாத மருமகள். ஏணையைக் கழற்றியாயிற்று. முதன்முறையாகத் தொட்டிலில் தனியே கிடத்தியிருந்தோம். கதவைச் சாத்தியதும் அழத் தொடங்கிவிட்டாள்.

அக்காவின் 84 வேலைநாள் பிரசவ லீவு எப்பவோ முடிந்துவிட்டது. இரவில் நாலைந்து தரம் எழும்பி, காலை ஏழு மணிக்கு பஸ் பிடிக்கிறா. அத்தானுக்குக் கொழும்பில் வேலை, வெள்ளி இரவுதான் வருவார். அம்மாவுக்கு ஏணை ஆட்டி ஆட்டி நாரிப்பிடிப்பு. இந்த நிலைமையிலைதான் அக்கா யூடியூப்பில் 'ஃபேர்பர் முறை'யைக் கண்டுபிடித்தா.

றிச்சர்ட் ஃபேர்பர் அமெரிக்காவில், பொஸ்டனில் வேலை செய்த குழந்தை மருத்துவர். 1985இல் இதைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்வது இவ்வளவுதான்: நித்திரைக்கிடையில் எல்லாரும் இடைக்கிடை முழிக்கிறோம். ஆட்டித் தூங்கவைத்த பிள்ளை, முழிக்கும்போதும் அந்த ஆட்டத்தைத் தேடும். தானாகத் தூங்கப் பழகினால் தானாகவே திரும்பவும் தூங்கும். அதனால், அழுதால் மூன்று நிமிடம் பொறுத்து உள்ளே போய், தூக்காமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். பிறகு ஐந்து நிமிடம், பிறகு பத்து.

வாசிக்கச் சுகம்.

மூன்றும் ஐந்தும் எப்படியோ போனது. பத்து தொடங்கேக்கை அம்மம்மா வாசலில் வந்து நின்று, "பெத்த பிள்ளையை அழவிட்டிட்டு மணிக்கூடு பாக்கிறியளோ?" என்றா. வேலிக்கு அங்காலை டோர்ச் வெளிச்சம். "பிள்ளைக்கென்ன, காய்ச்சலோ?" அக்கா குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டா, அழுகை கேட்கக்கூடாதென்று.

எட்டாவது நிமிடம் நான் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கிவிட்டேன்.

பெரிய காரியம் செய்த மாதிரித்தான் இருந்தது. அக்கா வெளியே வந்து, அழுத கண்ணோடு கேட்டா: "நாளைக்கு விடிய நீயோ வேலைக்குப் போறாய்?"

பதில் இருக்கவில்லை. போன லீவிலும் இந்த வீட்டில்தான் இருந்தேன். காதில் இயர்போன், அறைக்கதவு பூட்டு. இந்தப் பிள்ளை இரவில் அழுவதை ஒருநாளும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டதில்லை. பாசத்தாலைதான் கதவைத் திறந்தனான் என்று நினைத்தேன். உண்மையில் தாங்கமுடியாமல் போனது என்ரை காதுக்கு. எட்டு நிமிடத்தில் எனக்கு அப்படியென்றால், ஏழு மாதமாக அக்காவுக்கு?

அன்றிரவு பாடம் படிக்கவில்லை, இதைத்தான் படித்தேன். அவுஸ்திரேலியாவில் 326 பிள்ளைகளை ஆறு வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வொன்று 2012இல் வந்திருக்கிறது. இப்படிப் பழக்கியதால் நீண்டகாலத் தீங்கும் இல்லை, நீண்டகால நன்மையும் இல்லை என்கிறது அது. அதே ஆண்டு வந்த, 25 குழந்தைகளை மட்டும் பார்த்த சிறிய ஆய்வொன்றோ, மூன்றாம் நாள் அழுகை நின்றபிறகும் குழந்தைகளின் உடலில் கோர்ட்டிசோல் குறையவில்லை என்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வில் பெற்றோருக்கு இன்னொரு வழியும் கொடுத்திருந்தார்கள்: தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பது, பிள்ளை தூங்கப் பழகப்பழகக் கதிரையை மெல்ல மெல்லத் தள்ளிப்போடுவது.

அக்காவுக்கு அது பிடித்தது. அம்மம்மாவுக்கும் ஓரளவு. பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை கதிரை எனக்கு. எப்படியும் நோட்ஸோடு முழித்திருக்கிறவன்தானே. முதல் நான்கு நாளும் அவள் என்ரை விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழத்தான் செய்தாள். ஆனால் தனியே அழவில்லை. அக்கா நான்கு மணித்தியாலம் ஒரேயடியாக நித்திரை கொண்டா.

இன்றைக்குப் பதினோராம் இரவு. இப்ப இரண்டு தரம்தான் எழும்புகிறாள். கதிரையாலைதானோ, பல் முளைத்து முடிந்ததாலையோ, யாருக்குத் தெரியும். வாற கிழமை கம்பஸுக்குத் திரும்புகிறேன். நேற்று அத்தானுக்குக் கோல் எடுத்து, "வெள்ளி, சனி கதிரை உங்கடை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரியடாப்பா, எத்தினை மணியிலை இருந்து?" என்று கேட்டார்.

மிச்சம் ஐந்து இரவுக்கு இன்னும் ஆளில்லை.