இரண்டு மணிக் கூட்டம்

ஜூன் 2, மாட்டுங்கா

குழந்தை வளர்க்கும் பெண் எழுத உட்கார, யாரும் கூப்பிடாத ஒரு பொழுது வேண்டும். மும்பைத் தமிழ் வீடுகளில் அந்தப் பொழுது பெரும்பாலும் மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் கிடைக்கிறது. சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரம் கவிழ்த்து, சின்னது தூங்கி, பெரியது பள்ளியிலிருந்து திரும்பும் வரை உள்ள இடைவெளி அது. அந்த இரண்டு மணி நேரத்தில் எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எழுதியதைப் படித்துக் காட்ட அவர்களுக்கு ஓர் இடம் வேண்டுமே என்றும் அதிகம் பேர் யோசித்ததில்லை.

இடத்துக்கு இந்த நகரில் குறைவில்லை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கியது. சண்முகானந்த சபா 1952 முதல் இயங்குகிறது. சயானில் மும்பைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. பஜனை சமாஜங்களும் கோயில் மண்டபங்களும் வேறு. ஆனால் நூல் வெளியீடு, கவியரங்கம், கருத்தரங்கம் எல்லாம் வழக்கமாக மாலை ஆறு மணிக்கு மேல்தான். இரவுச் சமையல், வீட்டுப்பாடம், அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர்களுக்குக் காபி என்று எல்லாம் ஒன்றாகக் குவிகிற நேரம் அது. எழுதும் தாய்மார் கூட்டத்துக்கு வராததற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. கூட்டம் அவர்களுடைய நேரத்தில் நடப்பதில்லை.

ஜூன் 6, மாட்டுங்கா

தமிழில் பெண்கள் எழுதிய கதைக்கு முன்னோடியாக வை. மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்வது வழக்கம். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிப் படிப்பு இல்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். கதை கட்டும் கை அங்கேதான் பழகியது. அவருடைய முதல் நூல் ‘இந்திரமோகனா’ என்ற நாடகம், 1924இல் வந்தது. சரளமாக எழுதும் பழக்கம் அப்போது அவருக்கு இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். மறு ஆண்டு ‘ஜகன்மோகினி’ இதழ் அவர் பொறுப்புக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். 1960இல் மறைந்தார்.

இந்த வரலாற்றில் பட்டம்மாள் ஒரு வரியோடு போய்விடுகிறார். அது சரியில்லை. அவர் உட்கார்ந்து எழுதியிராவிட்டால் அந்த முதல் நூல் திண்ணைக் கதையாகவே கரைந்திருக்கும். திறமை ஒருத்தியிடம் இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவரும் உழைப்பில் பாதியை இன்னொருத்தி ஏற்றுக்கொள்கிறாள். எழுதும் தாய்மாருக்கான அமைப்பு எதுவானாலும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். பரிசும் பொன்னாடையும் அதற்குப் பிறகு வரலாம்.

ஜூன் 11, தாராவி

மழை பிடித்துக்கொண்டது. தாராவியில் மழை என்றால் வாசலில் சாக்கு, தரையிலிருந்து சாமான்களைப் பரணுக்கு ஏற்றுதல், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத் தவறவிடாமல் இருத்தல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்று இங்கே வாழ்கிறது. நகரம் முழுக்கச் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் விற்கப்படும் இட்லியில் பெரும்பங்கு இங்குள்ள தமிழ் வீடுகளில் வேகிறது. முதல் நாளே அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும்; மாவு பொங்க வேண்டும்; விடியும் முன்பே அடுப்பில் ஏற வேண்டும். காலையில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு விற்கிறவர் தெருவில் போகும்போது, ஆட்டியும் அவித்தும் முடித்த பெண் அடுத்த வேலையில் இருப்பாள். வீடு ஒற்றை அறை. மேலே ஒரு பரண். இங்கே தனி அறை வேண்டும் என்று பேசுவதில் பொருளில்லை. பரணில் ஏறும் இரும்பு ஏணியின் மேல்படி, மடியில் பிள்ளையின் பழைய நோட்டு, அதில் மிச்சமிருக்கும் பக்கங்கள் என்ற அளவில்தான் எழுதும் இடத்தைத் தேட முடியும்.

தாராவியோடு பிணைந்த எழுத்து என்று வரும்போது புதியமாதவியைச் சொல்லாமல் தீராது. கவிதை, சிறுகதை, கட்டுரை மூன்றிலும் தொடர்ந்து எழுதிவருபவர். ‘ஹேராம்’ அவருடைய கவிதைத் தொகுப்பு. ‘மின்சார வண்டிகள்’, ‘ரசூலின் மனைவியாகிய நான்’ கதை நூல்கள். மும்பைத் தமிழ்ப் பெண்ணின் அன்றாடமும் அரசியலும் ஒரே எழுத்தில் சேர்ந்து வர முடியும் என்பதற்கு அவர் நூல்கள் சான்று. தாராவியில் எழுத நினைக்கும் இளம் தாய்க்கு முதலில் இந்த நூல்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். தன் தெருவைத் தன் மொழியில் ஒருவர் முன்பே எழுதியிருக்கிறார் என்று தெரிவது சிறிய ஊக்கமல்ல.

எழுத்தே தெரியாதவர்களுக்கும் சொல்வதற்கு உண்டு. சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ‘ஸ்னேஹா’ அமைப்பு, 2015இல் தாராவி பினாலே என்ற கலை விழாவை நடத்தியது. அதற்கான பட்டறைகளில் வீட்டு வன்முறை எங்கெங்கே நடக்கிறது என்பதைப் பெண்கள் துணியில் தைத்து வரைபடமாகவே காட்டினார்கள். காவல் நிலையத்தில் வாய் திறக்கத் தயங்கும் செய்தி ஊசியில் வந்துவிட்டது. பேனாவோடு மட்டும் வா என்று சொல்லும் பட்டறை இவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஜூன் 12, தாராவி

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. மும்பையில் தமிழில் எழுதும் தாய்க்கு, சென்னையிலோ மதுரையிலோ எழுதுபவருக்கு இந்த அளவுக்கு இல்லாத ஒரு துயரம் உண்டு. அவள் எழுதுவதை அவள் பிள்ளையால் படிக்க முடிவதில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த தலைமுறை தன் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், பாடத்தில் மராத்தி என்று வளர்கிறது. தமிழ் காதில் விழும், கண்ணில் நிற்காது. வீட்டுக்குள்ளேயே கிடைத்திருக்க வேண்டிய முதல் வாசகர் இப்படிப் போய்விடுகிறார்.

அதனால் இங்கே கூடும் குழு எதுவும் வாசித்துக் காட்டும் குழுவாக இருப்பதே நல்லது. பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா எழுதியதைக் காதால் கேட்கட்டும். பதினைந்து வயதுப் பிள்ளை அதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ திருப்பிச் சொன்னால் அதுவே மொழிபெயர்ப்பின் தொடக்கம். மும்பையில் மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தட்டுப்பாடு என்று பேச வேண்டிய ஊர் இதுவல்ல.

ஜூன் 16, செம்பூர்

பள்ளி திறந்தது. மும்பையில் பல பள்ளிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மூத்தது காலை ஷிப்டிலும் இளையது மதிய ஷிப்டிலும் அமைந்துவிட்டால் தாயின் பகல் நடுவில் வெட்டுப்படும். ஒன்றைக் கொண்டுபோய் விட்டு, மற்றதைக் கூட்டிவந்து, திரும்ப நடந்து, எழுத்துக்கென்று இருந்த அந்த இரண்டு மணி நேரம் அரை அரை மணியாக உதிர்ந்துவிடும். பள்ளி வாசல் மரத்தடியில் மணி அடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் நாலு வரி தட்டிவைப்பது இப்படித்தான் வழக்கமாகிறது.

அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சன் நான்கு பெண்களுக்குத் தாய். இளமையில் எழுதத் தொடங்கி, குழந்தைகளும் கூலி வேலையுமாக நீண்ட காலம் நின்றுபோய், முதல் புத்தகம் 1961இல் வந்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். எழுதப்படாமல் போன காலங்களைப் பற்றியே பின்னர் 1978இல் ‘சைலன்சஸ்’ என்ற கட்டுரை நூலை வெளியிட்டார். தாய்மையின் வேலை இடைவிடாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பது. எழுத்துக்கு வேண்டியதோ இடைவிடாத பொழுது. அவர் சொன்ன இந்த முரண் செம்பூர் காலனி வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஜூன் 19, தாராவி

எழுதிய தாய்மாரின் வாழ்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டம்மாளைப் போன்ற ஒருவர் எங்கும் தென்படுகிறார். 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் ராஸசுந்தரி தேவி ஒரு நூலின் ஏட்டையும் மகன் எழுதிப் பழகிய ஓலையையும் சமையலறையில் ஒளித்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தானாகப் படிக்கக் கற்றார். எழுதுவதற்குத் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தது அவர் மகன். வங்க மொழியின் முதல் தன்வரலாறு ‘அமார் ஜீபன்’ அப்படி வந்தது.

பேபி ஹால்தாருக்குப் பன்னிரண்டு வயதில் திருமணம். கணவனை விட்டு மூன்று குழந்தைகளோடு தில்லிக்கு ரயில் ஏறியவர், குர்கானில் வீட்டு வேலை செய்தார். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் கை நின்று நின்று போவதை வீட்டுக்காரரான பேராசிரியர் பிரபோத் குமார் கவனித்தார். பிரேம்சந்தின் பேரன் அவர். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். குழந்தைகள் தூங்கிய பிறகு எழுதிய பக்கங்கள் ‘ஆலோ ஆந்தாரி’ என்ற பெயரில் 2002இல் இந்தியில் நூலாகின. 2006இல் ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனது. தாராவியிலிருந்து காலையில் கட்டட வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் முதலில் சொல்ல வேண்டிய கதை இது.

துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் படிப்பு நிறுத்தப்பட்ட சல்மா, மணமான பிறகு இரவில் குளியலறையில் ஒளிந்து எழுதினார். அந்தத் தாள்களை வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய தாயார். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல், ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தன. மகள் எழுத்தைத் தாய் சுமந்த இந்தக் கதையில் தாய்மையும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகை என்ற பேச்சே நிற்பதில்லை.

ஜூன் 22, செம்பூர்

மும்பையில் மராத்திப் பெண்கள் செய்ததைத் தமிழ்ப் பெண்கள் அருகிலிருந்து கற்கலாம். ஊர்மிளா பவார் கொங்கணக் கரையில் பிறந்தவர். தாயார் மூங்கில் கூடை பின்னிக் குடும்பத்தைக் காத்தவர். மும்பையில் அரசு வேலை, குழந்தைகள், குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே எம்.ஏ. படித்தார். மீனாட்சி மூனோடு சேர்ந்து, அம்பேத்கர் இயக்கத்தில் பங்கெடுத்த பெண்களை ஊர் ஊராகத் தேடிப் பேசவைத்து 1989இல் நூலாக்கினார். தன் வாழ்க்கையை ‘ஆய்தான்’ என்று 2003இல்தான் எழுதினார். பிறர் வாழ்க்கையைக் கேட்டு எழுதிய பிறகு தன் வாழ்க்கையை எழுதிய இந்த வரிசை, புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நல்ல வழி. பக்கத்து வீட்டுப் பாட்டி எந்த ஆண்டு, எந்த ரயிலில், யாரோடு பம்பாய் வந்தாள் என்று எழுதிவரச் சொன்னால், எதைப் பற்றி எழுதுவது என்ற திகைப்பு முதல் கூட்டத்திலேயே நீங்கிவிடும்.

வெளியிடும் வாய்ப்புகள் மாறிவிட்டன. ‘மங்கையர் மலர்’ போன்ற இதழ்களுக்குக் கதை அனுப்பித் தபாலுக்குக் காத்திருந்த காலம் 2020இல் அந்த இதழ் அச்சை நிறுத்தியதோடு ஏறக்குறைய முடிந்தது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய ‘பிரதிலிபி’ செயலியில் இன்று தமிழ் இல்லத்தரசிகள் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதுகிறார்கள். சென்னையின் ‘ஹெர் ஸ்டோரீஸ்’ பெண்களுக்கென்றே பதிப்பகம் நடத்துகிறது. கைப்பேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. கோதைநாயகிக்குப் பட்டம்மாள் செய்த வேலையில் ஒரு பங்கை அது செய்துவிடும். ஆனால் இந்த இடம் சரியாக வரவில்லை, அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவா என்று சொல்ல ஆள் வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, பணம் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும் என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

ஜூன் 27, தஹிசர்

அம்பை என்ற பெயரில் எழுதும் சி. எஸ். லட்சுமி 1944இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பல பத்தாண்டுகளாக மும்பைவாசி. தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை நேரில் கண்டு பேசி அவர் செய்த ஆய்வு 1984இல் ஆங்கில நூலானது. 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு சேர்ந்து ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அது இப்போது தஹிசரில் இயங்குகிறது. பெண்களின் வாய்மொழி வரலாறுகள், புகைப்படங்கள், நாட்குறிப்புகள், கடிதங்கள் இங்கே சேர்கின்றன. பல மொழிப் பெண் எழுத்தாளர்களை ஒரே இடத்தில் தங்கவைத்துப் பேசவைத்து, அவர்கள் படைப்புகளைத் தொகுதிகளாகவும் ஸ்பாரோ வெளியிட்டது. முதல் தொகுதி 2008இல் வந்தது. தமிழ் எழுத்தாளர்களுக்கு விருதும் வழங்குகிறது. அம்பைக்கு 2021இன் சாகித்திய அகாதெமி விருது ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்காகக் கிடைத்தது.

வீட்டில் பழைய நோட்டுகள் எடைக்குப் போகும் நாளில் தாயின் எழுத்தும் சேர்ந்து போய்விடுகிறது. அதைத் தடுக்கச் சங்கங்கள் பெரிய காப்பகம் கட்ட வேண்டியதில்லை; ஒரு இரும்பு அலமாரி போதும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் ஆளுக்கொரு மண்டபத்தை வாரத்தில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குத் திறந்துவிடலாம். பக்கத்து அறையில் பாய் விரித்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்வதைக் கல்லூரி மாணவர்கள் எழுதித் தரலாம். வாசித்த பக்கங்களின் நகல், எழுதியவர் பெயரும் தேதியும் போட்டு, அந்த அலமாரியில் சேரலாம். மண்டபங்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன.