துடைத்து வைத்த கரும்பலகை

யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பித்த நான், இந்நாட்டில் 18 ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்து, ஐம்பது வயதைக் கடந்தபின் மென்பொருள் சோதிப்பவனாக மாறியிருக்கிறேன் என்றால் நண்பர்கள் நகைக்கிறார்கள். பரீட்சைத் தாள் திருத்தியவனுக்கு இது அத்துணை அந்நியமான தொழிலன்று.

மென்பொருள் சரிவர இயங்குகிறதா என்பதைக் கணினியே இரவுதோறும் தானாகச் சோதிக்கும். வாடிக்கையாளரைப் பதிவு செய்யும் சோதனையெனின், தரவுத்தளத்தில் ஒரு நிரை புதிதாக எழுதப்படும். நான் அமைத்த முதற் சோதனை முதல்நாள் சித்தியடைந்தது. மறுநாள் ‘ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது’ என்று கூறித் தோற்றது. அலுவலக வாசல்களில் காத்து நின்ற எம்மவர்க்கு இத்தகைய வாசகம் புதிதன்று! மென்பொருளில் பிழையில்லை; நேற்றைய நிரை அழிக்கப்படாது கிடந்ததே காரணம்.

அழித்தேன். அவசரத்தில், நிபந்தனை எதுவும் இடாமல், அட்டவணை முழுவதையும் அழித்துவிட்டேன். உடன் பணிபுரியும் இளம்பெண் மூன்று நாள்களாகத் தயாரித்த நிரைகளும் அதனோடு போயின. தகுதிகாண் காலத்திலிருந்த எனக்கு வேலை போயிற்று என்றே எண்ணினேன். அவரோ கடிந்துகொள்ளாமல் கற்பித்தார். ஒவ்வொரு சோதனையும் தான் எழுதியதை மட்டுமே அழிக்க வேண்டும். சோதனை நடுவில் நின்றுபோனால் முடிவில் செய்யும் துப்புரவு நடவாது போகலாம். ஆதலால் தொடக்கத்திலும் துடைக்க வேண்டும். இயலுமிடத்து, ‘ட்ரான்சாக்ஷன்’ ஒன்றினுள் எழுதி, உறுதிசெய்யாமலே திரும்பப் பெற்றால் எழுதிய நிரை எஞ்சாது. அன்றேல் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேறான இலக்கத்தைப் பெயரோடு சேர்க்கலாம்.

பாடம் முடித்த ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துச் செல்வார். அவர் மறந்திருப்பின் அடுத்தவர் துடைத்துத் தொடங்குவார். நான் அறிந்த ஒழுங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனைக்குப் பெயர்கள் தேவைப்பட்டபோது, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய வேளை பாடசாலை அலுமாரியோடு கைவிட்ட வரவு இடாப்பின் பெயர்களையே நினைவிலிருந்து எழுதினேன். இரவுதோறும் அவை எழுதப்பட்டன, இரவுதோறும் அழிக்கப்பட்டன. அவர்களுட் சிலர் இன்று உயிரோடில்லை. உண்மை மனிதரின் பெயர்கள் சோதனைத் தரவில் இருத்தலாகாது என்று அப்பெண் கூறியபோது நான் மறுக்கவில்லை; கற்பனைப் பெயர்களை இட்டேன். பழைய பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துள்ளேன். 32 பேரில் இருவரின் பெயர் இன்னும் நினைவுக்கு வரவில்லை. அவ்வாண்டு என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்றோர் இதனை வாசிப்பின், பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.