அணுவும் பகாமையும்

‘அணு’ எனும் சொல் தமிழர்க்கு நுண்மையைக் குறித்தது. கிரேக்கரின் ‘அட்டோமோஸ்’ பகுக்க இயலாததைக் குறித்தது. சிறுமை வேறு, பகாமை வேறு. அறிவியல் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்டன் அணுவைப் பகாப் பொருளாகவே கொண்டார். 1897இல் தாம்சன் அதனினும் சிறிய எலெக்ட்ரானைக் கண்டறிந்தார்; 1911இல் ரதர்போர்டு அணுக்கருவை உணர்த்தினார்; 1938இல் அக்கருவும் பிளவுண்டது. பெயர் நிலைத்தது, பொருள் நழுவிற்று.

நழுவிய அப்பொருள் கணினித் துறையில் மீண்டும் குடியேறியது. மம்பாவில் வாழும் தாய் ஒருவர், கோலாலம்பூரில் பயிலும் மகனுக்கு வங்கிவழி 200 வெள்ளி அனுப்புவதாகக் கொள்க. தாயின் கணக்கில் பணம் கழிந்து, மகன் கணக்கில் சேருமுன் மின்சாரம் தடைப்பட்டால், அவர்தம் உழைப்பின் பயன் நடுவழியில் மறைந்துவிடுமன்றோ! ஆதலின் கழித்தலும் சேர்த்தலும் ஒருங்கே நிறைவேற வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழலாகாது. இவ்வாறு பிரிக்கலாகாச் செயலையே கணினியியலார் ‘அட்டாமிக்’ என்பர்.

இதனை ‘அணுச்செயல்’ எனப் பெயர்த்தால், மாணவர் சிறுசெயல் என்றோ அணுவாற்றல் என்றோ மயங்குவர். பகாப்பதத்தை இலக்கண வகுப்பிலும் பகா எண்ணைக் கணித வகுப்பிலும் கற்றவர்க்குப் ‘பகாச்செயல்’ என்றால் பொருள் தானே விளங்கும். சொல்லின் வரலாறு அறிந்து கருத்தைப் பெயர்ப்பது தமிழாசிரியர் கடன்.